ஓங்கிலின் தோலும் நீரின் அலைகளும்

இந்து சமுத்திரத்திற் சென்றுகொண்டிருந்த 136 அடி நீளமான கப்பலொன்றை, ஓங்கிலொன்று பின்புறத்திலிருந்து அணியம் வரை 7 செக்கனிற் கடந்தது. கப்பலின் வேகம் மணிக்கு எட்டரைக் கடல்மைல். ஆகவே ஓங்கிலின் வேகம் ஏறக்குறைய 20 கடல்மைலாதல் வேண்டும். கேம்பிறிட்சு விலங்கியலறிஞர் ஜேம்ஸ் கிறே 1936 இல் இக்குறிப்பைக்கொண்டு கணித்தபோது விந்தையான முடிபொன்று கிடைத்தது. உடலையொட்டிய நீர் கொந்தளிப்புற்றிருப்பின், ஓங்கிலின் தசை ஏனைய முலையூட்டிகளின் தசையினும் ஏழு மடங்கு வலுவை ஈதல் வேண்டும். அன்றேல், அந்நீர் குழப்பமின்றிப் படைபடையாக வழுக்கிச் செல்லுதல் வேண்டும்.

அமைதியான ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவது எங்ஙனம்? பரப்பையொட்டிய மெல்லிய எல்லைப்படையிற் சிற்றலைகள் தோன்றி வளர்தலே தொடக்கமென்பதைத் தொல்மீன் 1929 இலும் சிலிற்றிங் 1933 இலும் கணிதத்தாற் காட்டினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிற் சூபவர், இஸ்கிராம்ஸ்ராட் என்போர் காற்றுச் சுரங்கத்தில் அவ்வலைகளை அளந்த பின்னரே ஐயம் நீங்கிற்று. ஆயின் இவர்கள் கருதிய சுவர் வளையாத வன்சுவர். சுவரும் வளையுமாயின்?

இவ்வினாவைச் செயலில் எழுப்பியவர் மக்ஸ் கிறாமர். போர்க்காலத்தில் ஜேர்மனியில் வழிகாட்டுங் குண்டொன்றை ஆக்கிய இப்பொறியியலாளர், பின்னர் அமெரிக்கா சென்று ஓங்கிலின் தோலைப் போன்ற றப்பர்ப் போர்வையொன்றை அமைத்தார். மேலே மெல்லிய தோல். கீழே சிறு றப்பர்த் தூண்கள். இடைவெளிகளிற் பிசுக்கான எண்ணெய். அலை அழுத்த எண்ணெய் தூண்களிடையே நெருக்குண்டு உராயும். அதனால் அலை சக்தியிழந்து மடியும் என்பது அவர் விளக்கம். கலிபோணியாவின் லோங் பீச் துறைமுகத்தில் மோட்டார்ப் படகால் இழுத்துச் சோதித்தபோது, தடை ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்ததென அறிவித்தார்.

விளக்கம் எளிது, ஆனாற் கணிதம் அதனை ஏற்கவில்லை. இங்கிலாந்திற் புறூக் பெஞ்சமின் 1960 இலும், தொடர்ந்து மாட்டின் லாண்டால் 1962 இலும் ஆராய்ந்து, வளையும் பரப்பில் மூவகை அலைகள் எழலாமெனக் கண்டனர். முதல் வகை எல்லைப்படைக்கே உரிய பழைய அலை. சுவரின் நெகிழ்ச்சி இதனை அடக்கும்; ஆனாற் சுவரின் உராய்வோ இதனை வளர்க்கும்! இவ்வலை எழுந்த நிலையில் முழுத் தொகுதியின் சக்தி, அலையற்ற நிலையிலுள்ளதிலுங் குறைவு. கடனாளியிடமிருந்து மேலும் பணம் எடுத்தாற் கடன் பெருகுவதுபோல, சக்தியை எடுக்க எடுக்க அலை பெருகுகின்றது. இரண்டாம் வகை சுவரில் ஓடும் அலை. ஓட்டம் அதற்கு ஊட்டமளிக்கும், உராய்வு அதனைக் கொல்லும். மூன்றாவது, கெல்வினும் எல்மோற்சும் நீர்ப்பரப்பிற்குக் காட்டிய வகையினது; ஓட்டத்தின் அழுத்தம் சுவரின் விறைப்பை வெல்லும்போது எழுவது. எனவே முதலாவதை அடக்கச் சுவரை மிக மென்மையாக்கின் மற்றிரண்டும் தலைதூக்கும்.

கிறாமரின் பேற்றினை மற்றையோர் மீளப் பெறவும் முடியவில்லை. அவருடைய போர்வை நெடுங்காலம் ஏளனத்திற்குள்ளாயிற்று. அவ்வேளனம் முழுவதும் நியாயமானதன்று. 1985, 1986 ஆம் ஆண்டுகளிற் காப்பென்ரரும் கராட்டும் அப்போர்வையையே கணித்து, அது கொந்தளிப்பைத் தாமதிக்கச் செய்தல் கூடுமெனக் காட்டினர். விளக்கமே பிழை, பொருள் பயனற்றதன்று. காஸ்ரர் இழுவைத் தொட்டியில் அளந்த அலை வளர்ச்சியும் கணிதத்தோடு இசைந்தது. எனினும், ஓங்கிலே ஆராய்ச்சியாளரைத் திசைதிருப்பிய போலித் தடயமோ என 1987 இற் பெங்களூரில் நிகழ்ந்த கருத்தரங்கில் அவரே வினவினார்.

அவ்வையத்திற்கு இடமிருந்தது. கிறே ஒப்பிட்டது நீடித்துழைக்குந் தசையை. கப்பலைக் கடந்த ஓங்கிலோ 7 செக்கனே விரைந்தது. 2014 இற் பிராங்க் பிஷ் முதலியோர், நீந்தும் ஓங்கில்களின் உந்துவிசையை நுண்குமிழிகளின் அசைவைக்கொண்டு அளந்தபோது, அவற்றின் தசைவலுவே அவ்வேகத்திற்குப் போதுமானதெனக் கண்டனர்.