வெம்பிளியும் ஒயிட்ஹாலும்: படைக்கருவிகளின் தாமதம் குறித்து ஓர் ஆய்வு

புதிய கருவிகள் படையினர் கைக்குத் தாமதமாகவே வந்துசேர்கின்றன என்ற குறைக்கு பிரிட்டிஷ் அரசு நிர்வாகமான ஒயிட்ஹால் எழுதித் தரும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: ஆராய்ச்சிக்குக் கூடுதல் பணம், ஒப்புதலுக்குக் குறைந்த படிகள். நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பாதுகாப்புக் கொள்முதல் குறித்து பெர்னார்ட் கிரே 2009-இல் அளித்த அறிக்கையின்படி, பிரிட்டிஷ் பாதுகாப்புத் திட்டங்கள் சராசரியாகக் குறித்த காலத்தைவிட 80 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 5 ஆண்டுகள், பிந்தின. செலவு 40 விழுக்காடு கூடியது. இதற்குக் கண்டுபிடிப்பாளர்களின் மந்தத்தைக் காரணம் சொல்ல முடியாது. கருவியைக் கையாளுபவர் சொல்லும் குறை பட்டறைக்குப் போய், திருத்தமாகித் திரும்பிவரும் வழியில்தான் காலமும் பணமும் கரைகின்றன.

இந்த வழி குறுகியிருந்த ஒரு காலத்தைப் பாருங்கள். 1940 பிப்ரவரி 21 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும், ரேடாருக்கான நுண்ணலைகளை உண்டாக்கும் குழிவகை மேக்னட்ரானை முதன்முதலாக இயக்கினார்கள். அது வெற்றிடப் பம்போடு பிணைந்து மேசையில் கிடந்த ஆய்வகப் பொருள். லண்டன் வெம்பிளியில் இருந்த ஜி.இ.சி. ஆய்வுக்கூடத்தில் எரிக் மெகாவ் அதை மூடி முத்திரையிட்ட, காற்றால் குளிரும் குழாயாக்கினார். மாரிஸ் போன்ட் மே மாதம் பிரான்சிலிருந்து கொண்டுவந்த குழாயின் ஆக்சைடு பூசிய கேத்தோடும் சில வாரங்களிலேயே அதில் சேர்ந்தது. பிரிட்டனின் ரகசியத் தொழில்நுட்பங்களைப் பகிர்ந்துகொள்ள அவ்வாண்டு அமெரிக்கா சென்ற டிசார்ட் குழு எடுத்துச்சென்றது 12-ஆவது மாதிரி. அங்கே பெல் ஆய்வகத்தார் அதை எக்ஸ்-ரே எடுத்தபோது குழம்பிப்போனார்கள்: வரைபடத்தில் 6 குழிகள், கருவிக்குள் 8. மெகாவிடம் விசாரித்த பிறகே விஷயம் தெளிந்தது. முதல் 10 குழாய்களில் 6 குழிகள், 11-ஆவதில் 7, 12-ஆவதில் 8. வரைபடத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. இன்றைய தணிக்கையாளருக்கு இது ஒழுங்கீனம். எனக்கோ, சோதிப்பவரும் செய்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததன் தடயம். 1941 மார்ச்சில், 13 மாதங்களுக்குள், 'ஆர்க்கிஸ்' என்ற சிறு போர்க்கப்பலில் 10 செ.மீ. ரேடார் ஏறிவிட்டது.

போர்க்கால அவசரம்தான் இந்த வேகத்தைத் தந்தது என்று மறுக்கலாம். ஆனால் அதே போரில், அதே மேக்னட்ரானைக் கொண்ட எச்2எஸ் ரேடார் 1943 ஜனவரிக் கடைசியில்தான் குண்டுவீச்சு விமானங்களோடு களம் கண்டது. குழாய் எதிரி கையில் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தில், மேக்னட்ரானா, மாற்றுக் குழாயான கிளைஸ்ட்ரானா என்று நடந்த இழுபறியும் அதற்கு ஒரு காரணம். ஆக, அவசரம் மட்டும் போதவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு அஜாக்ஸ் கவச வாகனம். 2014-இல் ஜெனரல் டைனமிக்ஸின் பிரிட்டிஷ் கிளையோடு 589 வண்டிகளுக்கு சுமார் 550 கோடி பவுண்டில் ஒப்பந்தமானது. ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் ஏற்கெனவே ஓட்டிவந்த வண்டியே அடித்தளம். சோதனை முடியுமுன்பே உற்பத்தியும் தொடங்கியது. வெம்பிளியின் வழியே இங்கும் கையாளப்பட்டும், சத்தமும் அதிர்வும் வீரர்களைப் பாதித்து 2021-இல் சோதனைகள் நின்றன. ஆனால் இந்த ஒற்றுமை மேலோட்டமானது. அடித்தள வண்டியின் மேல் சுமார் 1,200 தேவைகள் ஏற்றப்பட்டிருந்தன. அதிர்வு குறித்து ராணுவமே 2018 டிசம்பரில் பாதுகாப்பு அறிவிப்பு விடுத்தது; அமைச்சர்கள் காதுக்கு அது எட்டியதோ 2020 நவம்பரில். உற்பத்தியும் சோதனையும் இணையாக ஓடினாலும் ஒன்றின் பாடம் மற்றதற்குப் போகவில்லை. விலையும் தேவையும் பூட்டப்பட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு திருத்தமும் யார் செலவு என்ற வழக்காகிவிடுகிறது. குறையை முதலில் ஒப்புக்கொள்பவர் தலையில் செலவு விடியும்.

அவசரம் உயிருக்கு உலை வைக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. எனினும் அஜாக்ஸில் பழுது வேகத்தால் வரவில்லை. கேட்காமல் ஓடியதால் வந்தது. இந்தப் பாடம் அடுத்த கருவிக்கும் பொருந்தும். டிராகன்ஃபயர் லேசர் ஆயுதத்தை 2032-க்குப் பதில் 2027-இலேயே போர்க்கப்பலில் பொருத்துவதாக 2024 ஏப்ரலில் அரசு அறிவித்தது. முழுமைக்குக் காத்திராமல் 70 விழுக்காடு நிறைவிலேயே களத்துக்கு அனுப்பலாம் என்பது அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் சொன்ன காரணம். வாதம் சரிதான். ஆனால் எஞ்சிய 30 விழுக்காடு கடலில், மாலுமிகளின் புகார்களைக் கொண்டு முடிக்கப்பட வேண்டிய வேலை. அதற்கான பணமும், வடிவத்தை மாற்றும் அதிகாரமும் முதல் ஒப்பந்தத்திலேயே இல்லையென்றால், மிச்சப்பட்டதாகச் சொல்லும் 5 ஆண்டுகள் கப்பலில் ஏறிய பிறகு செலவாகும்.