கைகொடுத்து எழும் நேரம்

1902-இல் மான்டி கார்லோவில் நடந்த செஸ் போட்டி. கறுப்புக் காய்களோடு ஆடிய கேயோர்க் மார்கோவின் பிஷப் டி4 கட்டத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. எதிரே ஆடிய இக்னாட்ஸ் ஃபான் போப்பியலின் ராணியும் குதிரையும் அதைக் குறிவைத்திருந்தன. அதை நகர்த்திக் காப்பாற்றலாம் என்றால், பின்னால் நிற்கும் யானையை ராணி வெட்டிவிடும். பிஷப் போனது போனதுதான் என்று முடிவுகட்டிய மார்கோ தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதே பிஷப்பை ஜி1 கட்டத்துக்கு, வெள்ளை ராஜாவின் பக்கத்திலேயே, கொண்டுபோய் வைத்திருந்தால் ஆட்டம் மார்கோவுடையது. பிஷப் விலகியதும் கறுப்பு யானையின் எதிரே வெள்ளை ராணி நிற்கும். கூடவே ஹெச்2-இல் மேட் மிரட்டல். ராணி யானையை வெட்டினால் மேட். பிஷப்பை வெட்டினால் ராணி பறிபோகும். மார்கோ சாதாரண ஆட்டக்காரர் அல்ல. வியன்னாவின் புகழ்பெற்ற செஸ் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றதாக எழுதிக்கொடுத்தவர் என்றே இன்று அவர் பெயர் அதிகம் நினைவுகூரப்படுகிறது.

ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்ட கணமே ஆட்டம் முடிந்தது என்கிறது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. பிறகு எவ்வளவு அழகான நகர்த்தல் கண்ணில் பட்டாலும் பயனில்லை. தெரிந்தே பெரிய ஆட்டக்காரர்கள் மேட் ஆவதற்கு முன்பே எழுந்து கைகொடுக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இதை ஜெயிக்கத் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். இந்த வழக்கத்தின் பெருமையும் ஆபத்தும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கின்றன.

அந்த மரியாதையைச் செய்ய மனம் வராதவர்களும் இருந்தார்கள். 1895-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில், முந்தைய ஆண்டு உலகப் பட்டத்தை லாஸ்கரிடம் இழந்திருந்த ஸ்டைனிட்ஸ், குர்ட் ஃபான் பார்டெலெபனோடு ஆடினார். 25-ஆவது நகர்த்தலில் ஸ்டைனிட்ஸின் யானை ஹெச்7 சிப்பாயை வெட்டி செக் வைத்தது. பார்டெலெபனுக்கு வரப்போவது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அரங்கைவிட்டுப் போய்விட்டார். அவருடைய கடிகாரம் தன்பாட்டில் ஓடித் தீர்ந்தது. சுற்றி நின்றவர்களுக்கு, எஞ்சிய நகர்த்தல்களில் மேட் எப்படி விழும் என்று ஸ்டைனிட்ஸ் பலகையிலேயே ஆடிக் காட்டினார். தோற்றதற்காக அல்ல, அந்த வெளிநடப்புக்காகவே பார்டெலெபனை இன்றும் மன்னிக்க முடிவதில்லை. அவ்வளவு அழகான தாக்குதலுக்கு எதிராளியின் கைகுலுக்கல் கிடைத்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் முடியாத ஆட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைக்கும் வழக்கம் இருந்தபோது, நேரில் வராமலே தோல்வியைத் தெரிவிக்க இடமிருந்தது. 1927 நவம்பர் 29 அன்று புவெனஸ் அயர்ஸில் கபாப்ளாங்கா, 34-ஆவது ஆட்டத்தைத் தொடர வராமல், அலெகைனுக்கு ஃபிரெஞ்சில் ஒரு சிறு கடிதம் அனுப்பினார். ஆட்டத்தை விட்டுவிடுவதாகச் சொல்லி, புதிய உலக சாம்பியனை வாழ்த்தி, அவர் மனைவிக்கும் வணக்கம் தெரிவித்திருந்தார். 1972 செப்டம்பர் 1 அன்று ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கி தொலைபேசியில் நடுவர் லோதர் ஷ்மிட்டிடம் தோல்வியைச் சொன்னார். பாபி ஃபிஷர் உலக சாம்பியன் ஆனபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

எதிராளி மனிதனாக இல்லாதபோது இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1997 மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவ் அனுபவித்தார். டீப் ப்ளூ கணினியோடு இரண்டாவது ஆட்டம். சிப்பாய்களை வெட்டிக் காய் சேர்க்கத்தான் கணினி பாயும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில், அது நிதானமாகத் தன் பிஷப்பை இ4-இல் வைத்துக் கதவை அடைத்தது. அதில் அவர் ஆடிப்போனார். 45-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு ஆட்டத்தைக் கைவிட்டார். மறுநாள் அவருடைய குழுவினர் ஒரு செய்தி சொன்னார்கள்: ராணியால் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய முயன்றிருக்கலாம். அது உண்மையிலேயே டிராவா என்ற விவாதம் பிறகும் நடந்தது. ஆனால் முயன்று பார்க்காமலே எழுந்தது அவரைக் கடைசிவரை உறுத்தியது. ஆறு ஆட்டப் போட்டியை அவர் 2½–3½ என்று இழந்தார்.

சரியான நேரத்தில் எழுந்ததற்கும் உதாரணம் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்துத் தவறிழைத்தார். சென்னையின் குகேஷ் யானையையும் பிஷப்பையும் வெட்டி மாற்றிக்கொண்டார். மிஞ்சியவை ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும், அவற்றில் இரண்டு குகேஷுடையவை. அந்த நிலையை எந்த கிராண்ட்மாஸ்டரும் தவறவிட மாட்டார். மூன்று நகர்த்தல்கள் கழித்து டிங் கைகொடுத்தார். அது கண்ணியமான தோல்வி.

அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவங்கரில், தோற்கும் நிலையில் வெகுநேரம் தவித்த குகேஷ் எழவில்லை. நேர நெருக்கடியில் எதிரே ஆடிய கார்ல்சன் தவறிழைத்தார். மேசையில் ஓங்கிக் குத்திவிட்டு அவர்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இந்த ஆட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் எதிரே இருப்பதும் பத்து வயதுப் பிள்ளைதான். ராணி போனாலும் மேட் ஆகும்வரை ஆட விடுங்கள்.