நுரை வர 35 வருஷம்: மினாக்ஸிடிலின் கதை

இன்னைக்கு எபிசோடில் ஒரு சின்ன ஸ்பிரே டப்பாவோட வரலாற்றைப் பார்க்கப்போறோம். முடி உதிர்வுக்குத் தலையில் போடுகிற மினாக்ஸிடில் நுரை, அதாவது ஃபோம். உங்களில் சில பேர் இப்பவே போட்டுக்கிட்டு இருப்பீங்க. சில பேர் ஆன்லைன் கார்ட்டில் சேர்த்துட்டு, வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க.

அந்த டப்பாவோடு ஒரு காகிதம் வரும். அதில் ஒரு வினோதமான குறிப்பு இருக்கும்: விரல்கள் சூடாக இருந்தால் முதலில் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நுரை கையிலேயே உருகிவிடும். இன்னொரு குறிப்பு: நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முடிக்குப் போடுகிற மருந்துக்கு எதுக்கு இவ்வளவு பந்தா?

ஒரு கணக்கைப் பாருங்க. இந்த மருந்து முடி வளர்க்கிறது என்று மருத்துவர்கள் கவனித்தது 1971 வாக்கில். நுரை வடிவத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2006 ஜனவரியில். நடுவில் 35 வருஷம். அந்த 35 வருஷத்தில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய கதை.

முதலில், இந்த மருந்து வருவதற்கு முந்தைய உலகம் எப்படி இருந்தது?

வழுக்கைக்கு மருந்து தேடுவது மனிதனின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியான ஈபர்ஸ் பாப்பிரஸில் இதற்கு ஒரு செய்முறை இருக்கிறது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு, இவற்றின் கொழுப்பை எல்லாம் கலந்து தலையில் தடவ வேண்டும். முதலையிடம் கொழுப்பு எடுக்கப் போனவருக்கு முடி மட்டுமா போயிருக்கும்னு கேட்காதீங்க.

அங்கிருந்து ஒரே தாவலாக 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சதர்லேண்ட் சகோதரிகள் என்று ஏழு பேர். மேடையில் பாடுவார்கள். ஆனால் கூட்டம் வந்தது பாட்டுக்காக மட்டும் இல்லை. ஏழு பேருக்கும் மிக நீளமான கூந்தல். அந்தக் கூந்தலைக் காட்டியே அந்தக் குடும்பம் ஒரு 'ஹேர் குரோயர்' தைலத்தை விற்றுப் பெரும் பணம் பார்த்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண்களுக்கு முடி முதலில் இருந்தது, தைலம் பிறகுதான் வந்தது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது கூந்தல். அந்தக் கூந்தல் தைலத்தால் வந்ததா என்று சோதித்தவர் யாரும் இல்லை. இன்றைக்கு உங்கள் ஃபோனில் வரும் எண்ணெய் விளம்பரத்திலும் அடர்த்தியான முடி உள்ள ஒருவர்தானே வருகிறார்? அதே டெக்னிக்தான், வருஷம்தான் வேற.

சரி, இப்போ நம்ம மருந்துக்கு வருவோம். இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். அப்ஜான் என்ற மருந்து கம்பெனி 1886-ல் அங்கே ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் காலத்து மாத்திரைகள் கல் மாதிரி இருக்கும். சில மாத்திரைகள் வயிற்றில் கரையாமலே வெளியே வந்துவிடும். டாக்டர் அப்ஜான், கட்டைவிரலால் அழுத்தினாலே பொடியாகிற மாத்திரையைக் கண்டுபிடித்தார். கட்டைவிரல் ஒரு மாத்திரையை நசுக்கும் படம்தான் கம்பெனியின் அடையாளமே. அதாவது, உள்ளே இருந்த மருந்து புதியதல்ல. அது உடம்புக்குள் போய்ச் சேரும் வழிதான் புதியது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1950களின் இறுதியில் அப்ஜான் விஞ்ஞானிகள் வயிற்றுப்புண்ணுக்கு ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த வேதிப்பொருள் புண்ணை ஆற்றவில்லை. ஆனால் ரத்தக் குழாய்களை நன்றாக விரிய வைத்தது. குழாய் விரிந்தால் ரத்த அழுத்தம் குறையும். உடனே ஆராய்ச்சியின் திசை மாறியது. அந்தப் பொருளின் பல வடிவங்களைச் செய்து பார்த்து, 1960களில் மினாக்ஸிடிலுக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான பி.பி. நோயாளிகளுக்காக இது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனையை நடத்தியவர் சார்லஸ் சிட்ஸீ என்ற மருத்துவர். பி.பி. குறைந்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர ஆரம்பித்தது. பிற்பாடு வந்த மாத்திரையின் மருந்துக் குறிப்பே சொல்கிறது: சுமார் 80 சதவீதம் நோயாளிகளுக்கு உடம்பில் உள்ள பூனைமுடி நீண்டு, தடித்து, கறுக்கும். பெண் நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய அவஸ்தையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றுகிற மாத்திரை, கண்ணாடி பார்க்க முடியாதபடி செய்துவிடுகிறது. இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் விளைவு, முதலில் அவர்கள் விரும்பாமல் சுமந்த விளைவு.

இதை என்ன என்று பார்க்க அழைக்கப்பட்டவர் குன்டர் கான் என்ற தோல் மருத்துவர். சிறுவயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்தவர். எல்லோருக்கும் தொல்லையாகத் தெரிந்தது அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. உடம்பு முழுக்க முடி வளர்க்கிற மருந்தை, தேவையான இடத்தில் மட்டும் பூசினால் என்ன? அவரும் பால் கிராண்ட் என்ற இளம் மருத்துவரும் 1 சதவீத மினாக்ஸிடிலை ஆல்கஹாலில் கலந்து தங்கள் உடம்பிலேயே பூசிப் பார்த்தார்கள். கம்பெனியின் சம்மதம் வாங்கவில்லை. பூசிய இடத்தில் முடி வளர்ந்தது.

அப்புறம் என்ன, காப்புரிமைச் சண்டைதான். இந்தப் பயன்பாடு யாருடைய கண்டுபிடிப்பு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1986-ல் சிட்ஸீ, கான் இருவர் பெயரிலும் காப்புரிமை வந்தது. கானுக்கும் கிராண்டுக்கும் ராயல்டியில் பங்கு கிடைத்தது.

இதற்கு நடுவில் 1979-ல் மினாக்ஸிடில் பி.பி. மாத்திரையாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றுவிட்டது. 1980-ல் ஒரு முக்கியமான மருத்துவ இதழில், அந்த மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்கு வழுக்கையில் முடி வந்ததாகக் கடிதம் வெளியானது. அவ்வளவுதான். மாத்திரையைப் பொடித்து லோஷன் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் சில மருத்துவர்கள் இறங்கிவிட்டார்கள்.

முறையான மருந்து 1988 ஆகஸ்டில் வந்தது. 2 சதவீதக் கரைசல், ஆண்களுக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு. கம்பெனி விரும்பிய பெயர் 'ரீகெய்ன்'. இழந்ததைத் திரும்பப் பெறுவது என்று அர்த்தம். எஃப்.டி.ஏ. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பெயர் தர முடியாத வாக்குறுதியைத் தருகிறது என்பதால். எனவே அமெரிக்காவில் அது 'ரோகெய்ன்' ஆனது. ஒரு எழுத்து மாற்றம்தான். ஆனால் பல வெளிநாடுகளில் 'ரீகெய்ன்' என்ற பெயரே தொடர்ந்தது.

அடுத்த வருஷம், 1989-ல், எஃப்.டி.ஏ. இன்னொரு காரியம் செய்தது. முடி வளர்க்கும், உதிர்வைத் தடுக்கும் என்று சொல்லி மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கப்பட்ட பொருட்களை எல்லாம் பரிசீலித்து, எதற்கும் போதுமான ஆதாரம் இல்லை என்று விதி போட்டது. மினாக்ஸிடிலே சோதனைகளைக் காட்டித் தனியாக அனுமதி வாங்கியதால்தான் உள்ளே வந்தது. 1991-ல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1996-ல் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்றானது. 1997-ல் ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல் வந்தது. 393 ஆண்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2002-ல் வெளியானது. அதில் 48 வாரங்களில், 2 சதவீதத்தைவிட 5 சதவீதம் 45 சதவீதம் அதிகமாக முடியை மீட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? ஆண்களின் வழக்கமான வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் தேவை என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 1942-லேயே காட்டிவிட்டார். மினாக்ஸிடில் அந்த ஹார்மோன் பக்கமே போவதில்லை. முடிக்கு வளரும் காலம் ஒன்று, ஓய்வெடுக்கும் காலம் ஒன்று உண்டு. இந்த மருந்து ஓய்வைச் சுருக்கி, வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. அதனால்தான் ஆரம்ப வாரங்களில் சிலருக்கு முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி வெளியே தள்ளுகிறது. பயந்துபோய் பலர் நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான். இன்னொன்று, தலைத்தோலில் உள்ள ஒரு நொதி இந்த மருந்தை மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்க ஃபிரெண்டுக்கு வந்த ரிசல்ட் உங்களுக்கு வராமல் போக இது ஒரு காரணம்.

சரி, மருந்து இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, கடையிலும் கிடைக்கிறது. அப்புறம் நுரை எதற்கு?

சிக்கல் அன்றாட வாழ்க்கையில் இருந்தது. மினாக்ஸிடில் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதைக் கரைக்க ஆல்கஹாலோடு புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளைச் சேர்த்தார்கள். அது பிசுபிசுப்பானது. காய மணிக்கணக்கில் ஆகும். சிலருக்குத் தலையில் அரிப்பு, சிவப்பு, செதில் எல்லாம் வரும். கரைசல் நெற்றியில் வழிந்தால் அங்கேயும் முடி வளரக்கூடும். பெண்களுக்கு இது பெரிய கவலை. இதை ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மருந்தை நிறுத்தினால், வந்த முடி 3, 4 மாதத்தில் போய்விடும். அப்படியென்றால் தினமும் இரண்டு வேளை, வருஷக்கணக்கில் இந்தப் பிசுபிசுப்போடு வாழ வேண்டும். யாரால் முடியும்? பரிசோதனையில் ஜெயித்த மருந்து குளியலறை அலமாரியில் தோற்றது.

நுரை தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். புரொப்பிலீன் கிளைக்காலை எடுத்துவிட்டார்கள். ஆல்கஹால், தண்ணீர், இவற்றோடு அறை வெப்பத்தில் மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கும் சில கொழுப்பு ஆல்கஹால்கள். வெளியே தள்ள பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள். டப்பாவை அழுத்தினால் நுரை நிற்கும், தோலின் சூடு பட்டதும் உருகி மருந்தை அங்கேயே விட்டுவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். கையைக் குளிர்ந்த நீரில் கழுவச் சொன்னதும், நெருப்பு வேண்டாம் என்றதும் ஏன் என்று இப்போது புரிகிறது இல்லையா? 352 ஆண்களிடம் 16 வாரம் சோதித்தார்கள். மருந்து இல்லாத நுரையைவிட மருந்து நுரை அதிக முடி தந்தது. பெண்களுக்கான நுரை 2014-ல் அனுமதி பெற்றது.

நுரை வந்தபோது அப்ஜான் என்ற கம்பெனி இல்லை. இணைப்புகளில் கரைந்து, அந்த மருந்து ஃபைசரிடம் போயிருந்தது. ஆனால் அந்தப் பழைய கட்டைவிரலை நினைச்சுப் பாருங்க. இங்கேயும் உள்ளே இருந்தது அதே மினாக்ஸிடில், அதே 5 சதவீதம். மாறியது போய்ச் சேரும் வழி. ஆகவே 'புதுசா ஃபோம் வந்திருக்கு, பவர் ஜாஸ்தி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் தவறாமல் போட உங்களுக்கு எது வசதியோ, அதுதான் உங்களுக்கு நல்ல வடிவம்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எண்ணெய் விளம்பரம் எதையும் ஒப்புக்கொள்ளாது. எல்லா வயதுக்கும், எல்லா வழுக்கைக்கும், நிரந்தரமாக என்று சொல்லும். சோதனைக்குப் போய் வந்த மருந்து தன் டப்பாவிலேயே தன் எல்லையை எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆண்களுக்கு விற்கும் டப்பாவைப் படித்துப் பாருங்கள். உச்சந்தலைக்குத்தான், முன்நெற்றி ஏறுவதற்கு இல்லை. 18 வயதுக்குக் கீழே வேண்டாம். 4 மாதத்தில் பலன் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு, கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம். இன்னொன்றை நான் சேர்க்கிறேன்: வீட்டில் பூனை இருந்தால் கவனம், மினாக்ஸிடில் பூனைகளின் உயிரையே எடுத்துவிடும்.

24 வயதில் சீப்பில் முடியைப் பார்த்தால் மனசு பதறும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல், இப்படிப் பல காரணங்களாலும் முடி கொட்டும். அதற்கெல்லாம் வைத்தியம் வேறு. அதனால் முதல் செலவு டப்பாவுக்கு வேண்டாம், ஒரு தோல் மருத்துவருக்கு இருக்கட்டும். அவர் போடச் சொன்னால், இது முடிவு தேதி இல்லாத ஒப்பந்தம் என்று தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதுவும் நல்ல முடிவுதான். வழுக்கை ஒரு நோயாளியின் அடையாளம் இல்லை.

உங்கள் கேள்விகளை அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.