இளம்பிள்ளை வாதமும் பயிற்சிச் சிகிச்சையும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் மக்கள் முதலில் தேடுவது மருந்து. மருந்தே இல்லாத நோயாயின் என் செய்வது? இளம்பிள்ளை வாதம் அத்தகைய நோய். 1955இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி வழக்கத்துக்கு வருமுன் அதனைத் தடுக்க வழியில்லை. வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்தோ இன்றளவும் இல்லை.

இந்நோயின் நுண்கிருமி, முதுகுத் தண்டினுள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குகிறது. தொடு உணர்ச்சி குன்றுவதில்லை. தன் காலில் தாயின் கை படுவதைக் குழந்தை அறியும். அக்காலை இழுத்துக்கொள்ள மட்டும் அதனால் இயலாது. ஒரு புறத்துத் தசை செயலற்றுப் போக, எதிர்ப்புறத்துத் தசை மூட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. கவனியாது விட்டால் மூட்டு கோணலாகவே இறுகிவிடும். நோய் செய்யும் கேடு ஒன்று. அதன்பின் அசையாமை செய்யும் கேடு மற்றொன்று.

இக்கோணலுக்கு அஞ்சியே மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் கைகால்களைக் கட்டைகளில் பிணைத்து வைத்தனர். ஆஸ்திரேலியாவில் எலிசபெத் கென்னி என்ற செவிலி இதற்கு நேர்மாறாகச் செய்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியைத் தசைமீது சுற்றினார். வலி தணிந்ததும் உறுப்பை மெல்ல அசைத்துப் பழக்கினார். முறையான செவிலிப் பட்டம் பெறாத இவரை மருத்துவ உலகம் எள்ளியது. குயின்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 1938இல் இவர் முறைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1940இல் அவர் அமெரிக்கா சென்றார். மினியாபொலிஸ் நகரத்து மருத்துவர்கள் அவர் முறையைச் சோதித்து ஏற்றனர். நோயைப்பற்றி அவர் கூறிய விளக்கங்கள் பல நிலைக்கவில்லை; கைமுறை நிலைத்தது. பட்டம் பெற்றோர் பிழைபடுவதும் பெறாதார் சரியாகச் செய்வதும் மருத்துவ வரலாற்றில் அரிதன்று.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் ஒரு தாய். பம்பாயைச் சேர்ந்த பாத்திமா இஸ்மாயிலின் சிறு மகளை 1945இல் இந்நோய் பற்றியது. வழியில்லை என்று கேட்டுக் கேட்டுச் சலித்த அவர், சென்னையில் எலும்பு மருத்துவத்தில் பெயர்பெற்ற டாக்டர் எம். ஜி. கினியிடம் குழந்தையைக் கொண்டுவந்தார். பல மாதச் சிகிச்சையால் கால் தேறியது. புனாவில் போர்வீரர்களுக்கென இருந்த பயிற்சிச் சிகிச்சை நிலையத்தையும் அவர் நாடினார். காயமுற்ற வீரனுக்குக் கிடைப்பது ஏழைக் குழந்தைக்கு ஏன் கிடைக்கலாகாது? பம்பாயில் டாக்டர் பாலிகா அளித்த இடத்தில் 1947இல் ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். 1949இல் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்ப் பரவியபோது, அதன் அருமை எல்லோர்க்கும் விளங்கியது.

ஆனால் பயிற்சி அளிக்கத் தெரிந்த கைகள் நாட்டில் மிகச் சிலவே. ஊசி போடுவது நொடிப்பொழுதில் முடியும். ஒரு காலைப் பழக்க மாதங்கள் வேண்டும், நாள்தோறும் ஒருவர் அருகிருக்க வேண்டும். ஆகவே 1950களின் தொடக்கத்தில், மைய அரசும் பம்பாய் மாநகராட்சியும் உலக சுகாதார நிறுவனமும் கைகோத்து, அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளியை நிறுவின. பாத்திமா இஸ்மாயிலுக்கு 1958இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மும்பையில் வாழும் நம்மவர், ஹாஜி அலி வழியே செல்லுங்கால் அவர் சங்கம் எழுப்பிய குழந்தைகள் மருத்துவமனையைக் கண்டிருப்பர்.

இந்தியாவில் இயற்கையாய்ப் பரவும் கிருமியால் இந்நோய் கண்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவாயிற்று. குழந்தைகளின் கால்களுக்கென இங்கு வேரூன்றிய தொழிலோ ஓயவில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, மூச்சுத் திணறியோரைக் குப்புறப் படுக்கவைக்கவும், வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தோரைத் தாங்கிப் பிடித்து நடக்கவைக்கவும், அத்தொழிலினர் முகக்கவசமணிந்து வார்டுகளுக்குள் சென்றதை நாம் அறிவோம்.