அண்ணல்வாயில் மலைப்பள்ளி

சித்தன்னவாசல் என்றதும் ஓவியமே பலர் நினைவுக்கு வரும். காலையில் புதுக்கோட்டையினின்று புறப்பட்டு, வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. கடந்து, குடைவரையின் விதானத்தை அண்ணாந்து நோக்கிவிட்டு, மாலைக்குள் திரும்புவோரே மிகுதி. ஆயின் அவ்வோவியம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அம்மலை சமணத் துறவியர் உறைந்த பள்ளியாக விளங்கிற்று. அப்பள்ளியின் வரலாற்றை அறிந்த பின்னரே ஓவியத்தின் உட்பொருளும் விளங்கும்.

ஏழடிப்பட்டம்

மலையின் கீழ்த்திசைச் சரிவில் இயற்கையாய் அமைந்த குகை ஒன்று உளது. அதனை அடையப் பாறையில் ஏழு குழிகள் படிகளாக வெட்டப்பட்டமையின் 'ஏழடிப்பட்டம்' எனப் பெயர் பெற்றது. இன்று கைப்பிடிக் கம்பிகள் உள்ளன. அவை இல்லாத காலத்தில் செங்குத்தான அப்பாறையில் கால் பதித்துச் சென்றோரின் உள்ளத்திண்மை எண்ணத்தக்கது.

குகையினுள் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் தலையணைபோலப் பாறை சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் அளவிற் பெரியதன் அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டளவில் வைத்து எண்ணப்படும் அது, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பார் அதிட்டானம், அதாவது இருக்கை, செய்தளித்த செய்தியைக் கூறுகிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என அறிஞர் கொள்வர். தொலைநாட்டிற் பிறந்த துறவிக்கு இம்மண்ணில் ஒருவர் இடம் அமைத்துத் தந்தார். அச்செய்தி தமிழில் பொறிக்கப்பட்டது. தமிழகத்தில் சமணம் அயலதாய் ஒதுங்கி நில்லாமல், மக்கள் மொழியோடு ஒன்றி வாழ்ந்தமைக்கு இஃது ஏற்ற சான்றாகும்.

பிற படுக்கைகளில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் முதலிய பெயர்கள் பிற்கால எழுத்தில் அமைந்துள்ளன. பல நூற்றாண்டுகள் கடந்தும் துறவியர் இக்குகையைப் போற்றி வந்தனர் என்பதை இவை உணர்த்துகின்றன.

அறிவர் கோயில்

மலையின் மேற்குச் சரிவில் உள்ள குடைவரையே அறிவர் கோயில். 1920ஐ ஒட்டிப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரே இதன் ஓவியங்களை உலகறியச் செய்தார். அவை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என முதலில் கருதப்பட்டன. முகப்பின் தென்பால் உள்ள கல்வெட்டு அக்கருத்தை மாற்றியது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனது ஆட்சியில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அண்ணல்வாயில் அறிவர் கோயிலைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தான் என அது மொழிகிறது. திருப்பணிச் செய்தி தமிழ்ச் செய்யுளாகவே பொறிக்கப்பட்டமை கவிஞர்கள் கருதத்தக்கது.

விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திரிகின்றன. மூவர் மலர் கொய்கின்றனர். இது வெறும் இயற்கைக் காட்சியன்று. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தை அடையுமுன் பவ்வியர் கடந்து செல்லும் நீர்நிலை இதுவென்பர். அதன் கீழ் நிற்பவரும் அறவுரை கேட்கச் செல்வோரின் வழியிலேயே நிற்பதாக ஓவியன் கருதியிருத்தல் கூடும்.

இன்று வண்ணங்கள் பெரிதும் மங்கிவிட்டன. பல பகுதிகள் உதிர்ந்தும் போயின. எஞ்சியவற்றைக் காப்பது தொல்லியல் துறையினரின் பணி மட்டுமன்று. அங்குச் செல்வோர் சுவரைத் தீண்டாது நிற்பதும், பாறையில் தம் பெயரைக் கீறாதிருப்பதும் அப்பணியின் பகுதிகளே. இளையர் செய்த இருக்கையும் இளங்கௌதமன் பாடலும் இத்தனை காலம் நிலைத்தன. அவற்றைப் பழுதின்றி அடுத்த தலைமுறைக்கு அளிப்பது தமிழ் பயில்வோர் அனைவரின் கடமையாகும்.