உவா நாளில் கடலேகாப் பரதவர்

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், உவா நாளில் கடல்வேட்டம் தவிர்த்து, சுறாக் கொம்பு நட்டு வழிபட்டு, கள்ளுண்டு ஆடுகின்றனர். இதனை வெறும் சமய வழக்காகவே கொள்வது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. நெய்தற் பாடல்கள் சில, திமில் விளக்குகளோடு இரவில் நிகழும் மீன்வேட்டத்தைப் பேசுகின்றன. அவ்விளக்கு மீனை ஈர்த்தற்கே எனின், முழுநிலவில் அதன் ஒளி பயன்படாது. வலையும் மீனுக்குப் புலப்படும். விளக்கொளியால் மீன்பிடிக்கும் இன்றைய மீனவரும் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளைத் தவிர்த்து இருள்நாள்களையே நாடுவர். ஆயின் உவா என்னும் சொல் அமாவாசையையும் குறிக்கும். அப்பொருள் கொள்ளின் இவ்விளக்கம் நில்லாது. இரு உவாக்களுக்கும் பொதுவான ஓதப்பெருக்கையே நோக்கவேண்டும். பாடல் காரணம் எதனையும் கூறவில்லை. தொழிலுக்கு உதவாத நாளே வழிபாட்டு நாளாக நிலைபெற்றிருத்தல் கூடும்.