சேருமிடமும் புறப்படுமிடமும்: ஊத்துக்கோட்டை எல்லைப் பகுதியை முன்வைத்துப் பாடக்குறிப்பு பற்றிய ஓர் ஆய்வு

1. சிக்கல்

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அன்று வைத்த இலக்கு. அதற்கு முந்தைய ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ ஏறக்குறைய இதே இலக்கை 2026-27க்கு வைத்தது. இலக்கு இன்னதென்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அந்த இலக்கை நோக்கி எந்தக் குழந்தை எங்கிருந்து புறப்படுகிறது என்பதை எழுத ஆசிரியரின் பாடக்குறிப்பில் இடம் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சேருமிடத்தை மாநிலம் வகுக்கலாம். புறப்படுமிடத்தை வகுப்பாசிரியர் மட்டுமே வகுக்க முடியும். பாடத்திட்டமிடல் என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பற்றிய முடிவு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க அதே மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள ஊத்துக்கோட்டை பொருத்தமான களம். ஆரணி ஆற்றங்கரையில் உள்ள இந்தப் பேரூராட்சியைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, அது ஆந்திரம். சுற்றுப்புற ஊர்களில் தமிழும் தெலுங்கும் தெருவில் கலந்தே புழங்குகின்றன. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தபின் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் பாடமாயிற்று.

2. இலக்கு வழிச் சிந்தனையின் மூன்று அலைகள்

ஆசிரியர் பயிற்சியில் தலைமுறைகளாகக் கற்பிக்கப்படும் பாடக்குறிப்பின் எலும்புக்கூடு ஹெர்பார்ட் மரபிலிருந்து வந்தது: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். முதல் அலை நோக்கவழித் திட்டமிடல். 1949இல் ரால்ஃப் டைலர் முதலில் நோக்கத்தை வகுத்துவிட்டுப் பிறகு கற்றல் அனுபவங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். 1956இல் வந்த புளூமின் வகைப்பாடு அந்த நோக்கங்களைப் படிநிலையாக்கியது. நமது பாடக்குறிப்பேட்டில் ‘பொது நோக்கம்’, ‘சிறப்பு நோக்கம்’ என்ற கட்டங்கள் நிலைபெற்றதற்கு இந்த மரபே காரணம்.

நடைமுறை வேறு விதமாக இருந்தது. ஆசிரியர்கள் திட்டமிடும்போது முதலில் நோக்கத்தை யோசிப்பதில்லை. பாடப்பொருளையும் செயல்பாடுகளையுமே பெரும்பாலும் முதலில் யோசிக்கிறார்கள் என்று 1975இல் ஜான் சகோரிக் தம் ஆய்வில் காட்டினார். நம் ஊரிலும் நோக்கத்தைக் கடைசியில் நிரப்பும் பழக்கம் ஆசிரியர் அறைக்குப் புதிதல்ல. இதைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. நாளை காலை முதல் பாடவேளையில் முப்பது குழந்தைகளை வைத்து என்ன செய்வது என்பதுதான் ஆசிரியர் முன்னுள்ள உடனடிக் கேள்வி.

இரண்டாம் அலை செயல்வழிக் கற்றல். 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வளர்ந்து பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய இம்முறைக்கு மூலம் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி. மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டம். சுருட்டப்பள்ளியும் அன்று அதே மாவட்டம். ஊத்துக்கோட்டையின் அண்டை மாவட்டத்துச் சிந்தனை சென்னை வழியாகச் சுற்றி ஊத்துக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது எனலாம். பாடத்தை ஏணியாகவும் மைல்கற்களாகவும் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறலாம் என்று அம்முறை அனுமதித்தது. புறப்படுமிடம் குழந்தைக்குக் குழந்தை மாறும் என்பதை ஏற்றது அதன் பெருஞ்சாதனை. ஆனால் படிகளின் வரிசை அட்டைகளில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

மூன்றாம் அலை கற்றல் விளைவுகள். 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வகுப்புவாரியாக அவற்றை வெளியிட்டது. ‘எண்ணும் எழுத்தும்’ அந்த வழியில் வந்து, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தி, ஆசிரியர் கையேட்டையும் பயிற்சி நூலையும் செயலிவழி மதிப்பீட்டையும் தந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் ஒரு குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது சிறிய மாற்றம் அல்ல.

3. ‘ஏழு’ என்ற எண்ணை வாசித்தல்

இருந்தும் நிலை என்பது புறப்படுமிடம் ஆகிவிடாது. ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். இலக்கு: ‘ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களை அறிந்து வாசித்தல்’. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தை 7 என்ற எண்ணுருவைப் பார்த்து ‘ஏடு’ என்கிறது. ஏழு கொட்டைகளைப் பிழையின்றி எடுத்தும் வைக்கிறது. மதிப்பீட்டில் ‘வாசித்தல்’ என்ற கட்டத்தில் எதைக் குறிப்பது?

அக்குழந்தைக்கு எண்ணறிவு முழுமையாக இருக்கிறது; இல்லாதது தமிழ் எண்ணுப்பெயர். அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசம் உண்டு. மூடு, நாலுகு, ஐது, ஆறு எனத் தெலுங்கில் எண்ணுபவர்க்குத் தமிழ் எண்கள் அந்நியமல்ல. தமிழில் ழகரம் வரும் பல சொற்களில் தெலுங்கில் டகரம் வருவது ஒழுங்கான ஒலியுறவு: ஏழு – ஏடு, கோழி – கோடி. ‘ஏடு’ என்ற விடையைப் பிழையாகக் கருதும் திட்டம் அக்குழந்தையை அரும்புக் குழுவில் உட்காரவைத்து, அதற்குத் தெரிந்த எண்ணையே மீண்டும் கற்பிக்கும். ஒலியுறவாகக் கருதும் திட்டமோ ‘கோழி, ஏழு, கீழே’ என்ற சொற்களைக் கொண்டு ழகரப் பயிற்சியை மொழிப் பாடவேளைக்கு நகர்த்திவிட்டு, கணக்குப் பாடவேளையில் குழந்தையைக் கூட்டலுக்கு அனுப்பும். இலக்கு ஒன்றுதான், கையேடும் ஒன்றுதான். வேறுபடுவது, குழந்தை நிற்கும் இடத்தைப் பற்றி ஆசிரியர் எழுதிய ஒரு வரி.

மொழி மட்டுமல்ல, காலமும் புறப்படுமிடத்தை மாற்றுகிறது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்குப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் மழைக்காலம் முடிந்து வந்து, கோடை கழியும் முன் ஊர் திரும்புகின்றன. முப்பருவ முறையில் வகுக்கப்பட்ட திட்டத்தில் இக்குடும்பங்களின் குழந்தைகள் பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில்தான் நுழைவார்கள். ஜூனில் தொடங்கும் கற்றல் வரிசை அவர்களுக்கு எங்கும் தொடங்குவதில்லை.

4. எதிர்வாதங்கள்

தொடக்கப்புள்ளியை ஆசிரியரிடம் விட்டால் ஏழைக் குழந்தைகளிடம் குறைவாக எதிர்பார்க்கும் பழைய மனப்போக்குக்கு அது சாக்காகிவிடும் என்பது வலுவான மறுப்பு. ‘இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற சொல்லைப் பள்ளிகள் நெடுங்காலம் கேட்டிருக்கின்றன. அதனாலேயே சேருமிடம் பொதுவாகவும் மாற்ற முடியாததாகவும் இருக்க வேண்டும் என்கிறேன். புறப்படுமிடத்தைப் பதிவு செய்வது இலக்கைத் தாழ்த்துவது அல்ல; தொலைவை மறைக்காமல் சொல்வது. மேலும், அந்தப் பதிவுக்கு மறுபரிசீலனை நாள் ஒன்றும் வேண்டும். நாள் குறிக்காத நிலைப்படுத்தல் விரைவில் முத்திரையாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு நேரம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) பதிவுகளையும் முடிப்பவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டுவது நியாயமில்லை. உண்மை. ஆகவே எழுதுவதைக் கூட்டாமல் இடமாற்ற வேண்டும். கையேட்டில் அச்சாகியுள்ள நோக்கத்தையும் செயல்பாட்டையும் கையால் மீண்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை, அதை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் பாடவேளை முடிந்தபின் மூன்று வரிகள் போதும்: யார் எதிர்பாராத இடத்தில் நின்றார்கள், ஏன், நாளை எதை மாற்றுகிறேன்.

மூன்றாவது மறுப்பு, கையேட்டிலிருந்து விலகினால் தரம் சிதறும் என்பது. ஆய்வாளர்கள் பிரிட்செட்டும் பீட்டியும் 2012இல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்தும்: குழந்தையின் கற்றல் வேகத்தைவிடப் பாடத்திட்டம் வேகமாக ஓடினால், பின்தங்கியவர் ஆண்டு கூடக்கூட மேலும் பின்தங்குவர். எல்லோரும் ஒரே பக்கத்தில் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது.

5. முடிவு

இம்மாற்றத்துக்குப் புதிய திட்டமோ புதிய செயலியோ தேவையில்லை. குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அங்கே எல்லைப் பள்ளி ஆசிரியர்கள் தம் மூன்று வரிகளை ஒப்பிட்டாலே ‘ஏடு – ஏழு’ போன்ற ஒழுங்குகள் வட்டார அளவில் திரளும். அவற்றைத் தொகுத்துக் கையேட்டுக்கு இணைப்பாக்குவது திரூரிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இயல்பான பணி.

மாற வேண்டியது பார்வையிடும் முறை. பாடக்குறிப்பேட்டைப் புரட்டும் அலுவலர் இன்று நாள்வாரிப் பதிவு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அவர் கேட்க வேண்டியது வேறு: கையேட்டிலிருந்து எந்த இடத்தில் விலகினீர்கள், எந்தக் குழந்தைக்காக? இக்கேள்விக்கு ஆசிரியர் அச்சமின்றி விடை சொல்லும் நிலை வந்தால்தான் பாடக்குறிப்பு கையெழுத்துக்காக எழுதப்படுவது நின்று, மறுநாள் பாடத்துக்காக எழுதப்படும்.